முதுகில் சுமக்கும் ஐந்தாவது சக்கரம்

சிவகங்கையிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இருக்கிறது ஒக்கூர். அதன் கடைத்தெருவில் நின்று போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். ஸ்விஃப்டும் டிசையரும் ஸ்டெப்னியை டிக்கியின் தரைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கின்றன. இன்னோவாவில் அது வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்குகிறது. பொலேரோ, தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்ஸி போன்றவை அதை ஊரறிய முதுகில் தூக்கிக்கொண்டு போகின்றன. ஏன் அப்படி?

இன்னொரு கேள்வியும் சில வருடங்களாகச் சேர்ந்திருக்கிறது. தார் வாங்கியவர்களில் பலர் கம்பெனி டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் போடுகிறார்கள். சிலர் நான்கை மட்டும் மாற்றிவிட்டுப் பின்கதவில் பழைய சக்கரத்தையே விட்டுவிடுகிறார்கள். சிலர் ஐந்தையும் மாற்றுகிறார்கள். அப்படி மாற்றிய வண்டிகளில் நாளடைவில் பின்கதவு கடகடக்கிறது. தூக்கிப் பிடித்து அழுத்தினால்தான் பூட்டு விழுகிறது. இந்த இரு சாராரில் யார் செய்தது சரி? பெரும்பாலும் உபயோகமே இல்லாமல் தொங்கும் ஒரு சக்கரம் வண்டியை இந்த அளவுக்கு எப்படித் தொந்தரவு செய்யமுடியும்?

ஒரு தாரின் ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு, அதைப் பெரிதாக்கினால் வண்டிக்குள் என்னென்ன மாறுகிறது என்று கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்போம்.

சக்கரம் ஐந்தானது எப்படி

ஆரம்பகால மோட்டார் வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது. டயர் பஞ்சரானால் ஓட்டுநர் சாலையோரத்தில் உட்கார்ந்து டயரைப் பிரித்து, டியூபை ஒட்டி, காற்றடித்து, மறுபடி மாட்டவேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் தாமஸ் டேவீஸ், வால்டர் டேவீஸ் என்ற சகோதரர்கள் 1904இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆரக்கம்பி இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதைக் கவ்விகளால் பூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அவர்கள் தொழில் நடத்திய தெருவின் பெயர் ஸ்டெப்னி. நம் ஊர் பஞ்சர் கடைகளில் அந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது.

இன்று ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம். டயர் டியூப்லெஸ்ஸாக இருந்து, காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் வண்டியில் இருந்தால் போதும் என்று 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013 முதல் முதுகில் சக்கரத்தோடு ஓடிய வண்டி. அதன் 2021ஆம் ஆண்டு வகை ஒன்றில் அந்தச் சக்கரத்தை எடுத்துவிட்டு ஒட்டும் பெட்டியை வைத்தார்கள்.

நகரத்துக்குள் ஓடுகிற காருக்கு அது போதும். சிவகங்கைப் பக்கத்துக் காட்டுப்பாதைக்குப் போதாது. இங்கே கண்மாய்க் கரையெல்லாம் சீமைக்கருவேல முள். ஓடையைக் கடக்கும் இடங்களில் செம்மண் கரைந்துபோய்க் கல் துருத்திக்கொண்டிருக்கும். டயரின் தரைபடும் பகுதியில் முள் ஏறினால் ஒட்டிவிடலாம். பக்கச்சுவரைக் கல் கிழித்துவிட்டால் எந்தப் பசையும் உதவாது. காட்டுப்பாதையில் போகிற வண்டிக்கு முழு ஸ்டெப்னி கட்டாயம் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். இனிமேல் கேள்வி, எப்படிப்பட்ட ஸ்டெப்னி, எங்கே என்பதுதான்.

முதுகில் ஏன்?

ஓடைக்குள் இறங்கிய ஜீப் எதிர்க்கரை ஏறும்போது முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், வால் தரையைப் பார்க்கும். பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து வண்டியின் வாலில் உள்ள மிகத் தாழ்ந்த புள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு தரையோடு செய்யும் கோணத்தை வால் கோணம் என்று அழைக்கலாம். அது பெரிதாக இருந்தால் வால் இடிக்காமல் மேடேறலாம். 2020இல் வந்த தாருக்கு இது ஏறத்தாழ 37 பாகை.

ஸ்டெப்னியை அடியில் தொங்கவிட்டால் இந்தக் கோணம் குறையும். முதலில் தரையில் இடிபடுவதும் ஸ்டெப்னியாகவே இருக்கும். சேற்றில் புதைந்த வண்டியின் அடியிலிருந்து அதை இறக்குவதும் பெரும்பாடு. உள்ளே வைக்கலாமென்றால் குட்டை வண்டியில் இடமில்லை, பின்னிருக்கையே போய்விடும். அடியிலும் உள்ளேயும் இடமில்லாததால் பின்கதவுக்கு வந்தது. அந்த இடம் வால் கோணத்தைக் கெடுக்காது, கைக்கு எட்டும், எந்தப் பள்ளத்தில் வண்டி நின்றாலும் கழற்றலாம்.

அங்கே வைப்பதற்கு வண்டி ஒரு விலை கொடுக்கிறது. கம்பெனி அளவுச் சக்கரம் இருக்கும்வரை அந்த விலை சிறியது.

பெரிய டயர் தரும் இரண்டு சென்டிமீட்டர்

தாரின் ஒரு வகைக்குக் கம்பெனி கொடுக்கும் டயரின் பக்கவாட்டில் 255/65 ஆர்18 என்று எழுதியிருக்கும். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு என்பது. 18 என்பது நடுவிலுள்ள டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் முழு விட்டம் 789 மில்லிமீட்டர் வருகிறது.

அதே டிஸ்க்கில் ஏறும் 285/65 ஆர்18 டயரை எடுத்துக்கொள்வோம். பெரிய டயர் தேடுவோர் கேட்கும் அளவுகளில் இதுவும் ஒன்று. இதன் விட்டம் 828 மில்லிமீட்டர். வித்தியாசம் 39 மில்லிமீட்டர். பார்வைக்கு வண்டி முற்றிலும் மாறிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் அச்சு சக்கரத்தின் மையத்தில் இருப்பதால் அது உயர்வது இதில் பாதிதான், சுமார் 2 சென்டிமீட்டர். கல்லில் இடிபடக்கூடிய அச்சின் நடுக்குமிழ் அந்த 2 சென்டிமீட்டர்தான் மேலே போகிறது.

அந்த 2 சென்டிமீட்டர் சில இடங்களில் உண்மையிலேயே உதவும். அகலமான டயர் இளகிய மணலில் குறைவாகப் புதையும் என்பதும் உண்மை. ஆனால் எஞ்சினுக்கு அதே வேலை 5 சதவீதம் கடினமாகிறது, பிரேக்குக்கும் அப்படியே. வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84இல் போய்க்கொண்டிருக்கும்.

எடையும் கூடுகிறது. விட்டம் 5 சதவீதம்தான் கூடியது, ஆனால் அகலம் 12 சதவீதம் கூடியிருக்கிறது. உயரத்திலும் நீளத்திலும் 5 சதவீதம், அகலத்தில் 12 சதவீதம் என்று மூன்றையும் பெருக்கினால், சக்கரம் அடைக்கும் இடம் நூற்றுக்கு 23 பங்கு பெரிதாகிவிட்டது. காட்டுப்பாதைக்கென்று வாங்கும் டயரில் பக்கச்சுவருக்குள் நூலிழை அடுக்குகள் அதிகம், வெளியே பொத்தான்போன்ற கட்டிகளும் ஆழம். கணக்குக்காகக் கம்பெனிச் சக்கரம் டிஸ்க்கோடு 30 கிலோ, பெரியது 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டிக்குரிய சரியான எடை வேண்டுமானால் சக்கரத்தை எடைமேடையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

10 கிலோ கூடியது ஒரு பெரிய விஷயமா? இரண்டு பேர் கூடுதலாக ஏறினால் 130 கிலோ ஏறுகிறதே?

எடை பாதிக் கணக்கு

நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து ஒரு மைல் நடப்பவரால், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கமுடியாது. குடத்தின் எடை மாறவில்லை. தோளிலிருந்து குடத்துக்குள்ள தூரம் மாறிவிட்டது. எடையையும் தூரத்தையும் பெருக்கி வருவதைத் திருப்புத்திறன் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. ஸ்டெப்னி விஷயத்தில் வண்டி உணர்வது இந்தப் பெருக்குத்தொகையைத்தான்.

பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு மேலும் கீழுமாக இரண்டு கீல்களில் தொங்குகிறது. கீல்களுக்கு இடையே 40 சென்டிமீட்டர் என்றும், கீலிலிருந்து சக்கரத்தின் மையத்துக்கு 55 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். கதவைத் திறக்கிறோம். சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. அதன் எடை கதவைக் கீழே சாய்க்கப் பார்க்கிறது. கதவு சாயாமல் இருக்கவேண்டுமானால் மேல்கீல் கதவை வண்டியை நோக்கி இழுத்துப் பிடிக்கவேண்டும், கீழ்க்கீல் அதைத் தள்ளிப் பிடிக்கவேண்டும். இந்த இழுப்பும் தள்ளலும் எவ்வளவு என்று தெரிய, சக்கரத்தின் எடையை 55ஆல் பெருக்கி 40ஆல் வகுக்கவேண்டும். கம்பெனிச் சக்கரத்துக்கு 41 கிலோ வருகிறது. பெரிய சக்கரத்துக்கு 55 கிலோ. சக்கரத்தைக் கீழே விழாமல் செங்குத்தாகத் தாங்குவது இதற்கு மேல் தனிச்சுமை.

10 கிலோ கூட்டினோம், மேல்கீல் போல்ட்டைப் பிடுங்கும் இழுப்பு 14 கிலோ கூடிவிட்டது. கீல்கள் நெருக்கமாக இருந்தால் இன்னும் கூடும். கதவு அகலமாக இருந்தாலும் கூடும். எடையை மட்டும் கேட்டுவிட்டு, ‘கதவு தாங்கும்’ என்று சொல்கிறவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

கதவு மூடியிருக்கும்போது பூட்டுப் பக்கமும் கொஞ்சம் சுமையை வாங்கிக்கொள்ளும். அந்த நிம்மதியோடு வண்டியைக் கிளப்பினால் அடுத்த சங்கதி ஆரம்பிக்கிறது. சக்கரம் கதவின் தகட்டோடு ஒட்டியிருப்பதில்லை. ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு தூரம். வண்டி குழியில் இறங்கி ஏறும்போது சக்கரம் ஒரு கணம் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு கனக்கலாம், ஆழமான குழியானால் அதற்கும் மேல். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைத் தாங்கும் தட்டின் மேல்விளிம்பு கதவுத் தகட்டை வெளியே இழுக்கிறது, கீழ்விளிம்பு உள்ளே அமுக்குகிறது.

பெரிய டயர் 30 மில்லிமீட்டர் அகலம் கூடியது என்று பார்த்தோம். அதில் பாதி, 15 மில்லிமீட்டர், கதவை நோக்கிப் புடைக்கும். கதவில் ரப்பர் முட்டுகள் வைத்திருப்பார்கள். டயர் அவற்றை அழுத்தி நின்றால்தான் கதவும் சக்கரமும் ஒரே உடம்பாக அசையும். பெரிய டயர் இடிக்கிறதே என்று பலர் நடுவில் வாஷர் கொடுத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்கள். தூரம் இன்னும் கூடிவிட்டது. சிலர் அந்த முட்டுகளையே கழற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கதவு ஒரு தாளத்தில் ஆடும், சக்கரம் வேறு தாளத்தில் ஆடும், நடுவில் மாட்டிக்கொண்ட மூன்று போல்ட்டுகள் அடி வாங்கும். நான் சொல்லவேண்டிய ஒன்று உண்டென்றால் இதுதான்: எடையைக் குறைக்க முடியாதவர்கூட முட்டின் உயரத்தைச் சரிசெய்து, டயர் இறுக்கமாக அமரும்படி செய்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இரும்புக்கும் சோர்வு உண்டு

‘போன வருடம் மாட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது.

1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்து பெரும் விபத்து நடந்தது. ரயில் வந்த தொடக்கக் காலத்தில் இப்படி அச்சுகள் முறிவது விளங்காத புதிராக இருந்தது. நேற்றுவரை அதே சுமையைத் தாங்கிய இரும்பு இன்று ஏன் முறிகிறது? ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான சுமையைவிட வெகு குறைந்த சுமையே திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் இரும்பு முறிந்துவிடும் என்று அவர் நிறுவினார். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று, பெரும்பாலும் வெல்டிங் முனையிலோ போல்ட் துளையின் ஓரத்திலோ பிறந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் மயிரிழை வளர்கிறது.

வெல்டிங் செய்த இணைப்புகளுக்குப் பொறியாளர்கள் ஒரு விதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். நம் சக்கரம் 30 கிலோவிலிருந்து 40 கிலோவானது மூன்றில் ஒரு பங்கு உயர்வுதான். இந்த விதிப்படி அதே பாதையில், அதே வேகத்தில் இணைப்பின் ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது. பத்து வருடம் தாங்கியிருக்கவேண்டியது சுமார் நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும். வாஷர் கொடுத்து வெளியே தள்ளியிருந்தால் இன்னும் முன்னதாகவே.

இதனால்தான் முதல் வருடம் ஒன்றும் தெரிவதில்லை. விரிசல் வளரும் காலத்தில் கதவு புதிதுபோலவே மூடும். விரிசல் தகட்டின் பாதியைத் தாண்டிய பிறகு மிச்சமுள்ள பாதியின்மேல் முழுச்சுமையும் விழுவதால் முடிவு வேகமாக வந்துவிடும். கதவு கடகடக்க ஆரம்பித்துவிட்டதென்றால் விரிசல் ஏற்கெனவே நெடுந்தூரம் போயிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். கதவை முழுவதும் திறந்து, சக்கரத்தின் வெளி ஓரத்தை இரு கையாலும் மேலே தூக்கி விடுங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தாலோ ‘டக்’ என்று சத்தம் வந்தாலோ கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. பிறகு சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் தட்டைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழையாகப் பிளந்திருக்கிறதா, துருக்கோடு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உமணர் கட்டிய இடம்

புறநானூற்றின் 102ஆம் பாட்டு ஔவையார் பாடியது. உப்பு வணிகரான உமணர் பாரம் ஏற்றிய வண்டியோடு நெடுவழி போகும்போது, பள்ளத்திலும் மேட்டிலும் என்ன நேருமோ என்று வண்டியின் அடிமரத்தில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனதை அதில் காண்கிறோம். வழியில் முறியக்கூடியதற்கு மாற்று ஒன்றைக் கூடவே சுமக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் அவ்வளவு பழையது. மாசாத்தியார் என்ற புலவரின் பெயரோடு சங்கத் தொகைகளில் இடம்பெற்ற ஒக்கூர், இந்தச் செய்தியை உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இயற்பியல் படித்தவர்களுக்கு அந்தப் பாட்டில் பிடித்துப்போகும் இடம் ‘அடியில்’ என்பதுதான். தாழ்வாகவும் சட்டத்தோடு இறுக்கமாகவும் கட்டிய பாரம் வண்டியைக் கவிழ்க்காது, தகட்டையும் வளைக்காது. நம் பெரிய சக்கரத்துக்கு அந்த இடம் கிடைக்காது. 828 மில்லிமீட்டர் வட்டத்துக்குக் குட்டை ஜீப்பின் அடியில் இடமில்லை. வேறெங்கே போகலாம்?

கூரைமேல் வைக்கலாம் என்பார்கள். ஆட்களோடு சேர்ந்து 1,800 கிலோ வண்டி, அதன் எடைமையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் என்று கொண்டால், கூரையில் ஏற்றிய 40 கிலோ எடைமையத்தை இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்திவிடும். அதே சக்கரம் பின்கதவில் இருந்தால் உயர்வு அரை சென்டிமீட்டர். பெரிய டயரால் வண்டியே 2 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது, அதன்மேல் இது. கண்மாய்க் கரையின் சரிவில் ஒருபக்கம் சாய்ந்து போகும் வண்டிக்கு இது வேண்டாத சுமை. 40 கிலோவை அவ்வளவு உயரத்திலிருந்து தனி ஆளாக இறக்குவதும் முதுகுக்கு ஆபத்து.

அடுத்தது, சக்கரத்தைக் கதவிலிருந்து பிரித்து, சேஸிஸோடு இணைந்த பின் பம்பரில் தனிக் கீல் வைத்த இரும்புக் கையில் தொங்கவிடுவது. கதவுத் தகட்டின் வேலை இதில் முழுவதும் நீங்குகிறது. தடித்த தண்டும் பேரிங்கும் வைத்துச் செய்த கீல் அந்த இழுப்பைச் சுலபமாகத் தாங்கும். வெகுதூரக் காட்டுப்பயணம் போகிறவர்களுக்கு இதுவே முறையான வழி.

இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இரும்புக் கை 30 கிலோ என்றால் சக்கரத்தோடு சேர்ந்து 70 கிலோ. இது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. தாரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 245 சென்டிமீட்டர். நம் சுமை பின் அச்சிலிருந்து 70 சென்டிமீட்டர் பின்னால் என்று கொள்வோம். பின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்துக்கொண்டு இந்தச் சுமை முன்பக்கத்தைச் சற்றே தூக்கப் பார்க்கிறது. கணக்குப் போட்டால் பின் அச்சின்மேல் 90 கிலோ ஏறுகிறது, முன் அச்சிலிருந்து 20 கிலோ இறங்குகிறது. 70 கிலோவைத் தொங்கவிட்டுப் பின்ஸ்பிரிங்குக்கு 90 கிலோ கொடுத்திருக்கிறோம். பயப்படவேண்டிய அளவில்லை. ஆனாலும் பின்னால் கேனும் குளிர்பெட்டியும் ஏற்றுகிறவர் இந்த 90 கிலோவை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவின்போது தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. டயர் அளவையோ பம்பரையோ மாற்றும் முன் அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். பெரிய சக்கரம் நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்கிறதா என்றும் பத்தடி பின்னால் நின்று பாருங்கள்.

சின்ன ஸ்டெப்னியே இருந்தால்?

இவ்வளவு தொல்லையென்றால் பின்கதவில் பழைய 30 கிலோ சக்கரத்தையே வைத்துக்கொண்டால் என்ன? கதவு பிழைத்துக்கொள்ளும். தொல்லை பின் அச்சுக்குள் போய்விடும்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே எஞ்சின் ஓட்டினாலும் வேகம் வேறுபட வழிசெய்வது டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டி. அச்சின் நடுக்குமிழுக்குள் இருப்பது அதுதான். வண்டி நேராகப் போகும்போது அதற்குள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று உருட்டாமல், முழுப்பெட்டியோடு சேர்ந்து ஒரே கட்டியாகச் சுற்றும். வளைவு வந்தால்தான் அவை தங்களுக்குள் உருளும்.

இப்போது பின்னால் ஒரு பக்கம் பெரிய சக்கரம், மறுபக்கம் பழைய ஸ்டெப்னி. பெரியது ஒரு சுற்றில் 2.60 மீட்டர் போகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 385 சுற்று. சின்னது ஒரு சுற்றில் 2.48 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 404 சுற்று. நேர்சாலையிலும் கிலோமீட்டருக்கு 19 சுற்று வித்தியாசம். 10 கிலோமீட்டர் போனால் 190 சுற்று. டிஃபரன்ஷியல் இதை முடிவே இல்லாத ஒரு வளைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். எப்போதாவது உருளவேண்டிய அந்தச் சிறு பற்சக்கரங்கள் எஞ்சினின் முழு இழுப்பையும் சுமந்துகொண்டு இடைவிடாமல் உருள்கின்றன. எண்ணெய் சூடாகிறது, தேய்மானம் ஏறுகிறது. சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏபிஎஸ் கருவியும் குழம்பி எச்சரிக்கை விளக்கைப் போடலாம்.

ஃபோர் வீல் கியரில் போட்டால் இன்னும் மோசம். தார், ஜிம்னி போன்றவற்றில் அந்தக் கியர் முன் அச்சுக்குப் போகும் தண்டையும் பின் அச்சுக்குப் போகும் தண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆகவேண்டும். நடுவில் விட்டுக்கொடுக்கும் பெட்டி இல்லை. ஒரு சக்கரம் சின்னதானால் அதன் அச்சின் சராசரி வேகம் கிலோமீட்டருக்கு ஒன்பதரை சுற்று வேறுபடும். இளகிய மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்காது. வித்தியாசம் தண்டுகளில் முறுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். வண்டி இறுகும், ஸ்டியரிங் கனக்கும், கியர் விடுபட மறுக்கும். அப்படியே ஓட்டினால் உள்ளே ஏதாவது உடையும்.

அளவு ஒன்றானால் போதுமா?

ஐந்தும் ஒரே அளவில் வாங்கிவிட்டீர்கள். ஸ்டெப்னி வருடக்கணக்கில் தொங்குகிறது, மற்ற நான்கும் ஓடுகின்றன. புதிய டயரில் 8 மில்லிமீட்டர் இருந்த பட்டன் ஆழம், ஓடியவற்றில் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டது. விட்டத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரே அளவு எழுதிய டயர்கள்தான், ஆனாலும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 சுற்று மாறிவிட்டது.

வழி எளிது. சக்கரங்களை இடம் மாற்றிப் போடும்போது நான்கோடு நிறுத்தாமல் ஸ்டெப்னியையும் சுற்றில் சேருங்கள். ஐந்தும் சேர்ந்து தேயும். இன்னொரு லாபமும் உண்டு. சிவகங்கை வெயிலில் வருடக்கணக்கில் தொங்கும் ரப்பர் ஓடாமலே கிழடாகிவிடும். பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். டயரின் வயதை அதன்மேலேயே படிக்கலாம். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. காற்றையும் மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம், காட்டில் ஏற்றமுடியாது.

நடுவழியில் சின்னதுதான் கையில் இருந்தால்

எல்லோரும் ஐந்து பெரிய டயர் வாங்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், விலை அப்படி. பின்கதவில் சின்னச் சக்கரம், கால்களில் நான்கு பெரியவை, ஓடைக்கு அப்பால் பின்டயர் கிழிந்துவிட்டது. என்ன செய்வது?

சின்னதைப் பின்னால் மாட்டாதீர்கள். டூ வீல் கியரில் தாரை இழுப்பது பின் அச்சுதான். முன் டிஃபரன்ஷியல் எஞ்சினின் இழுப்பைச் சுமக்காமல் வெறுமனே சுற்றும். ஆகவே நன்றாக இருக்கும் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் மாட்டுங்கள், சின்ன ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். ஜாக்கியை இரண்டு முறை வைக்கவேண்டும். தரை மென்மையாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் பலகை வையுங்கள், மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். இளகிய மண்ணைத் தாண்ட ஃபோர் வீல் கியர் வேண்டியிருந்தால் அங்கே மட்டும் போட்டு, தார்ச்சாலையைத் தொடும் முன் எடுத்துவிடுங்கள். பிறகு ஐம்பதுக்கு மேல் போகாமல், வண்டி ஒருபக்கம் இழுப்பதற்கு ஸ்டியரிங்கில் கை கொடுத்துக்கொண்டு, சிவகங்கையோ திருப்பத்தூரோ எது பக்கமோ அங்கே முதலில் வரும் டயர் கடையில் நிறுத்திவிடுங்கள்.